பில்டர் ஃப்ளோர் வாங்குகிறீர்களா? முதலில் கார் நிறுத்தும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: தில்லி ஜனக்புரியில், கீழே பார்க்கிங், மேலே நாலு மாடி உள்ள கட்டடம்; மாடிக்கு ஒரு வீடாக விற்கும் ‘பில்டர் ஃப்ளோர்’. மூன்றாவது மாடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். 2025 பிப்ரவரி 17 விடிகாலை வந்த நடுக்கத்திலிருந்து மனைவிக்குப் பயம். ‘பூகம்பத்தைத் தாங்கும்’ என்ற சான்றிதழைக் காட்டுகிறார் புரோக்கர். நம்பலாமா?

பதில்: அந்தக் காகிதத்தை நம்பாதீர்கள். ‘தாங்கும்’ என்றால் சேதமே வராது என்று பொருளில்லை: பெரிய நடுக்கத்தில் கட்டடம் விரிசல் விடலாம், ஆள் மேல் இடிந்து விழக்கூடாது. விதிகள் கேட்பதே அவ்வளவுதான்.

உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. அன்று வந்தது 4.0 அளவுதான். தௌலா குவான் பக்கம், வெறும் 5 கிலோமீட்டர் ஆழத்தில் என்பதால் ஊரையே உலுக்கியது. தூரத்தில் வரும் பெரியதும் நம்மை விடாது. 2001 புஜ் பூகம்பத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாதில் அடுக்குமாடிகள் சரிந்தன. பல, உங்களுடையதைப் போலக் கீழே பார்க்கிங் விட்டவை. மேல் மாடிகளைச் செங்கல் சுவர்கள் இறுக்கிப் பிடிக்கும். கீழே வெறும் தூண்கள். ஆட்டம் முழுவதையும் அவைதான் வாங்கிக்கொள்ளும்.

பார்க்கிங் இருந்தாலே ஆபத்து என்று சொல்லவில்லை. தரைத்தளத்திலிருந்து உச்சி வரை கான்கிரீட் சுவர்கள் நின்றால் கதை வேறு. லிஃப்ட் ஏறி இறங்கும் குழியைச் சுற்றியுள்ள சுவரைப் பாருங்கள்: அது கான்கிரீட்டா, செங்கல்லா? பூச்சு மறைத்திருந்தால் கட்டுமான வரைபடத்தைக் கேளுங்கள். கான்கிரீட்டாகவே இருந்தாலும், அது ஒரு மூலையில் மட்டும் இருந்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளும். எதிர்ப்பக்கமும் சுவர் வேண்டும். இரண்டு பக்கமும் இருந்து, வரைபடத்திலும் அப்படியே இருந்தால், மேலே பேசலாம்.

அப்புறம், ‘நானே டெஸ்ட் பண்ணித் தருகிறேன்’ என்று புரோக்கர் ஒருவரை அழைத்து வருவார். சின்னக் கருவியால் தூணில் நாலு தட்டுத் தட்டி ரிப்போர்ட் கொடுப்பார்கள். அது சொல்வது மேற்பரப்பின் கடினத்தை மட்டும். தூணுக்குள் நிற்கும் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, அதன் முனை உள்ளே மடங்கியிருக்கிறதா என்பதுதான் உயிர். அதைக் கம்பி கட்டும் நாளில் வந்து பார்க்க வேண்டியவர்கள், கான்கிரீட் போட்டபின் மேஜையில் உட்கார்ந்து சான்றிதழில் முத்திரை குத்துகிறார்கள். எத்தனை வருடமாகச் சொல்கிறோம்!

புரோக்கருக்குச் சம்பந்தமில்லாத ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நீங்களே கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். வரைபடம் தர மறுத்தால் அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள்.