பழைய வால்வு ஆம்ப் சத்தம் போடுது, வாங்கலாமா? கேள்வி பதில்

வால்வு செட் (ட்ரான்சிஸ்டருக்குப் பதிலா கண்ணாடி வால்வு வெச்ச பழைய ஆம்ப்ளிஃபையர்) பத்தி ரெண்டு நாளா எல்லாரும் கேட்டுக்கிட்டே இருந்தீங்க, உக்காந்து ஒண்ணொண்ணா பதில் போடுறேன். சத்தம் வருதுன்னு பயந்து நல்ல செட்ட விட்டுட்டு வர்றவங்கள பாத்தா எனக்கு மனசு கேக்காது, அதனாலதான் இவ்ளோ நீளம்.

கேள்வி (டொரோண்டோ): அண்ணை, இஞ்ச ஒருத்தர் டைனாக்கோ ஸ்டீரியோ 70 எண்ட பழைய வால்வு ஆம்ப் விக்கிறார். போட்டுக் காட்டினவர், பாட்டு நல்லாத்தான் கிடக்கு, ஆனா பாட்டு நிண்டவுடன ரெண்டு ஸ்பீக்கரிலயும் ம்ம்ம் எண்டு இரையுது. எடுக்கலாமோ?

பதில்: தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே அளவுல இரையுதுன்னா அது நல்ல சேதி. ரெண்டு சேனலுக்கும் பொதுவா இருக்கிறது பவர் சப்ளைதான். அந்த செட் வந்தது 1959-ல, மேல ஒரு அலுமினிய டப்பா நிக்கும் பாருங்க, அதுக்குள்ள நாலு கன்டென்சர் ஒண்ணா இருக்கு, அது உள்ள காஞ்சுபோச்சுன்னா கரண்ட்டோட அலைய வடிகட்ட முடியாம அப்படியே ஸ்பீக்கருக்கு விட்டுரும். உங்க ஊர் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், ஏசி-ய டிசி ஆக்குற ரெக்டிஃபையர் அத ரெண்டு மடங்காக்கும், அதனால கன்டென்சர் போயிருந்தா 120-ல கேக்கும், கொஞ்சம் ரம்பம் மாதிரி கரகரப்பா இருக்கும். (நம்ம ஊர்னா 50, 100.) வெறும் 60-ல அடித்தொண்டையில முனகுற மாதிரி இருந்தா வால்வ சூடாக்குற ஹீட்டர் வயர், எர்த், இல்லன்னா இன்புட் கேபிள் பக்கம் பாக்கணும். இதுல வால்யூமே கிடையாது, வெறும் பவர் ஆம்ப், அதனால ப்ரீஆம்ப் (வால்யூம் இருக்கிற தனிப் பெட்டி) கேபிள கழட்டிட்டு இன்புட்ட ஷார்ட் பண்ண சொல்லுங்க, அப்பவும் இரைச்சல் இருந்தா அது இந்த செட்டோடதுதான்.

அப்புறம் கையில மல்டிமீட்டர் எடுத்துட்டுப் போங்க. முன்னாடி ரெண்டு சாக்கெட்டுலயும் பயாஸ் (பாட்டு இல்லாதப்ப அவுட்புட் வால்வு இழுக்குற கரண்ட்டோட அளவு) பாக்க இடம் விட்டிருக்காங்க, பக்கத்துக்கு 1.56 வோல்ட் வரணும். பாத்துட்டு எனக்கு சொல்லுங்க, அதுவரைக்கும் காசு குடுக்காதீங்க.

கேள்வி (மதுரை): சார், வால்யூம திருப்புறப்ப எல்லாம் கரகரன்னு கேக்குது, மத்தபடி சுத்தமா இருக்கு.

பதில்: வாங்கிருங்க. கான்டாக்ட் க்ளீனர் ரெண்டு அடி அடிச்சு இருபது தடவ அப்படியும் இப்படியும் திருப்பினா பாதிக்கு மேல போயிரும். க்ளீன் பண்ணியும் போகலன்னா, முன்னாடி இருக்கிற கப்ளிங் கன்டென்சர் (டிசி-ய தடுத்து பாட்ட மட்டும் விடுறது) டிசி-ய கசியவிடுது, அதுவும் சின்ன வேலைதான்.

கேள்வி (கோவை): அண்ணா, ஒரு பக்கம் மட்டும் ஸ்ஸ்ஸ்னு சத்தம், நடுவுல சோளம் பொரியிற மாதிரி பட்பட்னு. வால்வ மாத்தினா சரியாகுமா?

பதில்: மாத்தி பாக்காம யாராலயும் சொல்ல முடியாது. செட்ட ஆஃப் பண்ணி ஆறவிட்டு இடது பக்கத்து சின்ன வால்வு ஈசிசி83-ய வலதுலயும் வலத இடதுலயும் போடுங்க, சத்தம் வால்வு கூடவே எதிர்ப்பக்கம் போயிருச்சுன்னா அந்த வால்வு செலவோட முடிஞ்சுது. போகாம அங்கயே இருந்தா ஆனோடுக்கு (வால்வுக்குள்ள இருக்கிற தகடு) போற பழைய கார்பன் ரெசிஸ்டர்தான், அத மாத்தணும். செட் ஓடுறப்ப பென்சில் முனையால வால்வு கண்ணாடிய லேசா தட்டிப் பாருங்க, டங்குனு மணி அடிச்ச மாதிரி ஸ்பீக்கர்ல வந்தா அந்த வால்வு மைக் மாதிரி வேலை செய்யுது, முதல் ஸ்டேஜ்ல அது ஆகாது.

கேள்வி (தஞ்சாவூர் பக்கம்): ஐயா, எங்க ஊர்ல சவுண்ட் சர்வீஸ் வெச்சிருந்தவர் வீட்டுல பழைய வால்வு ஆம்ப் கெடக்கு, குழாய் ஸ்பீக்கர் கட்டி கல்யாணத்துக்கு போட்டது. இருபது வருஷமா பரண்ல இருக்கு. கரண்ட் குடுத்து பாத்துட்டு விலை பேசலாமா?

பதில்: தயவுசெஞ்சு நேரா ப்ளக்க சொருகாதீங்க. இருபது வருஷம் சும்மா கெடந்த கன்டென்சர் மேல திடீர்னு 400 வோல்ட் ஏறினா வெடிக்கும், கூடவே ட்ரான்ஸ்ஃபார்மரையும் எரிச்சுட்டுப் போயிரும். உங்க ஊர் எலக்ட்ரீஷியன் கிட்ட சீரிஸ் லேம்ப் இருக்கும், கரண்ட் வர்ற வழியில தொடரா மாட்டுற 60 வாட் குண்டு பல்பு, எல்இடி கூடாது. அது வழியா குடுங்க. பல்பு பளிச்னு எரிஞ்சு மங்கினா சரி, மங்காம முழு வெளிச்சத்துலயே நின்னா உள்ள ஷார்ட், உடனே எடுத்துருங்க. ஸ்பீக்கர் கட்டாம ஓட்டவும் கூடாது, லோடு இல்லன்னா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ளயே பொறி அடிச்சு செத்துரும். அந்த மாதிரி செட்டுல 100 வோல்ட் லைன் அவுட்புட் (தூரத்துல கட்டுற குழாய் ஸ்பீக்கருக்கானது) இருக்கும், வீட்டு ஸ்பீக்கர அதுல கட்டிராதீங்க.

இன்னொண்ணு, ஆஃப் பண்ணின பிறகும் கன்டென்சர்ல கரண்ட் நிக்கும். அடிப்பலகைய கழட்டினதும் கைய விடாதீங்க, மீட்டர் வெச்சு பூஜ்யம் பாத்துட்டுத்தான் தொடணும்.

கேள்வி (சென்னை): அப்ப எந்த செட்ட வாங்கவே கூடாது?

பதில்: ட்ரான்ஸ்ஃபார்மர் போன செட்ட. கன்டென்சர், ரெசிஸ்டர் எல்லாம் ரிச்சி தெருவுல கிடைக்கும், வால்வு இன்னைக்கும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனாவுல செய்யறாங்க, ஆனா அந்தக் காலத்து அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போச்சுன்னா அதே மாதிரி சுத்தித் தர ஆள் தேடி அலையணும், சுத்தினாலும் பழைய சத்தம் வர்றது கஷ்டம். அதனால கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடியே அந்த ட்ரான்ஸ்ஃபார்மரோட நடு டேப்புலேர்ந்து (சுருள் நடுவுல எடுத்த வயர்) ரெண்டு ஆனோடுக்கும் ஓம் பாருங்க, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரணும். சுத்துற விதத்துல கொஞ்சம் வித்தியாசம் வரும், அது பரவால்ல. ஒரு பக்கம் ஒண்ணுமே காட்டலன்னா வைண்டிங் அறுந்துருச்சு. மூக்க கிட்ட கொண்டுபோய் மோந்தும் பாருங்க, தார் உருகி கருகின வாடை வந்தா நான் வாங்க மாட்டேன்.

கேள்வி (சென்னை): அமெரிக்காவுலேர்ந்து வந்த கிட்டார் ஆம்ப், ரெண்டு பின் ப்ளக். அப்படியே இங்க போடலாமா?

பதில்: அது 117 வோல்ட்டு செட், நல்ல ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், தேவைக்கு ஒன்றரை மடங்கு பெருசா. மூணு பின் வயர் போட்டு சேசிஸுக்கு (உலோக அடிச்சட்டத்துக்கு) எர்த் குடுங்க, மெயின்லேர்ந்து சேசிஸுக்கு ஒரு கன்டென்சர் போயிருந்தா வெட்டி எடுத்துருங்க. அது ஷார்ட் ஆனா கிட்டார் கம்பி வழியா ஆள அடிக்கும்.

கேள்வி (டொரோண்டோ, திரும்ப): அண்ணை, போய்ப் பாத்தனான். இடப்பக்கம் 1.56 நிக்குது. வலப்பக்கம் 1.9, பயாஸ் திருகாணியத் திருப்பினாலும் குறையேல்ல. லைட்ட நிப்பாட்டிப் பாத்தா ஒரு வால்வுக்குள்ள தகடு சிவந்து கிடக்கு.

பதில்: நல்லவேளை பாத்தீங்க. தணல் மாதிரி தகடு சிவக்குதுன்னா அந்த ஈஎல்34 (அவுட்புட் வால்வு) தாங்க முடியாத கரண்ட்ட இழுக்குது, ஓடவிடாம உடனே ஆஃப் பண்ண சொல்லுங்க. இடப்பக்கம் ஒழுங்கா இருக்கிறதால பயாஸ் சப்ளை நல்லாத்தான் இருக்கு. ஆறினதும் அந்த வால்வ இடப்பக்கத்து வால்வோட மாத்தி ஒரே ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்க, சிவப்பு வால்வோட போச்சுன்னா வால்வு, அதே சாக்கெட்டுல நின்னா கப்ளிங் கன்டென்சர் கசியுது. எதுவா இருந்தாலும் சரி பண்ணலாம். நாலு ஈஎல்34, அந்த டப்பா கன்டென்சர், நாலு கப்ளிங் கன்டென்சர், இவ்ளோத்துக்கும் உங்க ஊர்ல என்ன விலையோ அத கூட்டி அவர் கேக்குற விலையில கழிச்சு கேளுங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் ஓம் ரெண்டு பக்கமும் சரியா வந்து அவரும் ஒத்துக்கிட்டா அன்னைக்கே வண்டியில ஏத்திருங்க.