கரை எந்தப் பக்கம் பார்க்கிறது? – கரீபியன் ரிசார்ட் கேள்வி பதில்

கே: ஜூலையில் குடும்பத்தோடு தோமினிக்கன் குடியரசின் புந்தா கானா போகிறோம். ஐந்து ரிசார்ட்களைக் குறித்து வைத்திருக்கிறோம். எல்லாப் படத்திலும் தண்ணீர் பளிங்காகத்தான் இருக்கிறது. எதை எடுக்கலாம்?

படத்தை மூடிவிட்டு மேப்பைத் திறங்கள். ஹோட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் அப்புறம். அது நிற்கும் கரை எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள். சர்காசம் என்கிற பழுப்பு மிதவைப் பாசி 2011 முதல் அட்லாண்டிக்கில் பெரும் பட்டையாகப் பெருகி வருகிறது. கிழக்குக் காற்றும் நீரோட்டமும் அதைத் தள்ளிக்கொண்டு வந்து கிழக்கு பார்த்த கரைகளில் ஒதுக்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை உச்சம். புந்தா கானாவும் பக்கத்து பாவரோவும் கிழக்கு, வடகிழக்கு பார்த்தவை. படங்கள் எடுக்கப்பட்டதோ பாசி வராத மாதங்களில்.

ஹோட்டல்காரர்கள் சும்மா இருப்பதில்லை. விடியலிலேயே ஆள்விட்டு, டிராக்டர்விட்டு வாருகிறார்கள். கடலுக்குள் மிதவைத் தடுப்பு கட்டுகிறார்கள். அலை உயர்ந்தால் பாசி தடுப்பின் மேலேயே தாண்டி வந்துவிடும். வாராமல் இரண்டு நாள் கிடந்தால் அழுக ஆரம்பித்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும்: அழுகிய முட்டை நாற்றம், வெள்ளிக் கொலுசு கறுக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இழுக்கும்.

அதே நாட்டில் பாயாஹிபே மேற்கும் தெற்கும் பார்த்த கரை, பாசி குறைவு. ஜமைக்காவில் நெக்ரில், பார்படோஸில் ஹோல்டவுன் பக்கம், அருபாவில் ஈகிள் பீச் மூன்றும் மேற்கு பார்த்தவை. அங்கே வரவே வராது என்று எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் வாய்ப்பு நம் பக்கம். தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் பாசி நிலவரத்தை மாதாமாதம் வெளியிடுகிறது. முன்பதிவுக்கு முன் அதையும், போன வாரம் தங்கியவர்கள் போட்ட படங்களையும் பாருங்கள்.

கே: அக்டோபரில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. புயல் வருமா?

சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஆகஸ்ட் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான் நெருக்கம். பயணக் காப்பீட்டை டிக்கெட் போட்ட கையோடு எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்கு அது செல்லாது. ஹோட்டல் தரும் ‘புயல் உத்தரவாதம்’ பெரும்பாலும் வேறு தேதிக்கு மாற்றித் தருவதுதான். விமான டிக்கெட் காசு அதில் வராது. புயலே வேண்டாம் என்றால் அருபா, குராசாவ், பொனேர் தீவுகள். 12 டிகிரி அட்சரேகையில், புயல்களின் வழக்கமான பாதைக்குத் தெற்கே இருப்பதால் நேரடி அடி மிக அபூர்வம்.

கே: ‘ஓஷன் வியூ’, ‘ஓஷன் ஃப்ரண்ட்’ இரண்டுக்கும் இரவுக்கு 60 டாலர் வித்தியாசம். தகுமா?

வியூ என்றால் பால்கனி ஓரத்தில் நின்று கழுத்தை நீட்டினால் கடல் தெரிந்தாலும் கணக்கு. ஃப்ரண்ட் என்றால் அறை கடலை நேராகப் பார்க்கும். எத்தனை அடி தள்ளி என்பதற்கு உறுதி இல்லை. எந்த பிளாக் என்று கேட்டு வாங்குங்கள். இரவு ஆட்டம் பாட்டம் நடக்கும் மேடைக்குப் பக்கத்து பிளாக் கடலோரமாக இருந்தாலும் வேண்டாம்.

தரைத்தளத்தில் ஈரம் ஏறும். ஏசியை 18-இல் வைத்துவிட்டுப் பால்கனிக் கதவைத் திறந்தால் வெளியே உள்ள ஈரக்காற்று குளிர்ந்த தரையில் பட்டு நீராகப் படியும். டைல்ஸில் வழுக்கி விழுவது இப்படித்தான். 24 போதும். பல அறைகளில் கதவைத் திறந்தால் ஏசி தானே நின்றுவிடும். அது கோளாறு இல்லை, ரிசப்ஷனுக்கு போன் போடாதீர்கள். கேமராவைப் பையோடு அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் திறங்கள், லென்ஸில் பனி படியாது.

கே: நாங்கள் சுத்த சைவம். பஃபேயில் சமாளிக்கலாமா?

தோமினிக்கன் குடியரசில் சோறும் பீன்ஸும் எங்கும் உண்டு. ஆனால் அந்த பீன்ஸில் பன்றித் துண்டோ கோழிச்சாறோ இருக்கலாம். ஸ்பானிஷில் “சின் கார்னே, சின் கால்தோ தே போயோ” என்று கேளுங்கள்: இறைச்சியும் வேண்டாம், கோழிச்சாறும் வேண்டாம். வாழைக்காய் வறுவலான தோஸ்தோனேஸ் சைவம்தான், மீன் பொரித்த எண்ணெயா என்று மட்டும் விசாரியுங்கள். ரிசார்ட்டுக்குள் பஃபே அல்லாத தனி உணவகங்களில், போய் இறங்கிய அன்றே இடம் பிடித்துவிடுங்கள்.

கே: ரிசார்ட்டின் பிரைவேட் பீச்சில் வெளியாட்கள் நடக்கிறார்கள், மணிமாலை விற்கிறார்கள். புகார் செய்யலாமா?

பிரைவேட் பீச் என்பது விளம்பர வார்த்தை. தோமினிக்கன் குடியரசில் கடல் ஏற்ற எல்லையிலிருந்து 60 மீட்டர் பொதுச் சொத்து. மெக்சிகோவில் 20 மீட்டர். நாற்காலியும் குடையும் ஹோட்டலுடையவை, மணல் அல்ல.

கே (முந்தைய பதிலுக்கு): ஜமைக்காவில் வேலி போட்டு ஆளை நிறுத்தி விரட்டுகிறார்களே. சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றில்லை.

சரியான மறுப்பு. ஜமைக்காவில் 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி கரை அரசுடைமை, ஆனால் பொதுமக்களுக்குப் பொதுவான நுழைவுரிமை தரவில்லை. அதனால்தான் வேலி, அதனால்தான் உள்ளூர்க்காரர்களின் போராட்டமும் வழக்குகளும். பார்படோஸில் கடற்கரை எல்லாமே பொது.

கே: ஆயிரக்கணக்கில் பணம் கட்டியும் நிம்மதி இல்லையென்றால் எதற்கு ரிசார்ட்?

நீங்கள் கட்டியது அறைக்கும் சாப்பாட்டுக்கும். தலைமுறையாக அங்கே மீன் பிடித்தவர் மணலில் நடப்பதற்கு உங்கள் ரசீது தடையாகாது. விற்பவரிடம் சிரித்து ஒருமுறை “நோ, கிராசியாஸ்” சொன்னால் போய்விடுவார். விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால்தான் பின்னாலேயே வருவார்.

கே: கரையோர மரத்தடி நிழலில் உட்காரலாமா?

மான்சினீல் மரம் இல்லாவிட்டால் உட்காரலாம். சின்னப் பச்சை ஆப்பிள் போலக் காய். பால் பட்டால் தோல் கொப்புளிக்கும், மழையில் அடியில் நின்றாலும் அப்படியே. சில தீவுகளில் அடிமரத்தில் சிவப்புப் பட்டை அடித்திருப்பார்கள். பட்டை இல்லை என்பதற்காகக் காயைத் தொடாதீர்கள்.

கே: ஜூனில் புந்தா கானா. பாசி இருக்குமா?

முதல் பதில்.

கே: மே மாதம் மெக்சிகோவின் கான்கூன்?

ஹோட்டல் வரிசை கிழக்கு பார்த்தது. முதல் பதில்.

கே: இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா?

தூதரகத்தைக் கேளுங்கள், என்னையல்ல. மியாமி வழியாகப் போனால் விமானம் மாறுவதற்கே அமெரிக்க விசா வேண்டும். தோமினிக்கன் மின்-டிக்கெட் படிவம் இலவசம்; காசு கேட்கும் தளம் அரசினுடையது அல்ல.

கே: டிப்ஸ்?

1 டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள். சில்லறைக் காசு வேண்டாம், அங்கே வங்கியில் மாற்ற முடியாது. ரிசார்ட்டுக்கு வெளியே சாப்பிட்டால் 18 சதவீத வரியும் 10 சதவீத சேவைக் கட்டணமும் பில்லில் ஏறும்.

கே: சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள், ஆனால் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். நாமும் இறங்கலாமா?

கூடாது. ஒற்றைச் சிவப்பு கடும் ஆபத்து. இரட்டைச் சிவப்பு என்றால் கடல் மூடப்பட்டது. புந்தா கானா பக்கத்து மக்காவோ கடற்கரை போன்ற திறந்த கரைகளில் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் பலசமயம் நீர் உள்ளே இழுக்கும் வழி. மாட்டினால் கரையை நோக்கி நீந்திக் களைக்காமல் கரைக்கு இணையாக நீந்தி, இழுப்பு விட்ட பிறகு திரும்புங்கள். முடியவில்லையென்றால் மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்கள்.