நித்தியகல்யாணி கஷாயமும் வின்கிரிஸ்டின் ஊசியும்

அப்பாவுக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்காக, நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் ஏறுகிறது, அதே செடியின் இலைக் கஷாயத்தையும் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு கிராம் மருந்தைப் பிரிக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஊசியின் அளவோ உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம், பெரும்பாலும் உச்சவரம்பு 2 மில்லிகிராம். கஷாயத்தில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. அதிலுள்ள மற்ற ஆல்கலாய்டுகள் (செடியின் வேதிப்பொருள்கள்) சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கிவிடலாம்.

விரல் மரத்துப்போவதும் மலச்சிக்கலும் இந்த மருந்தின் வேலைதான். நரம்பிழைக்குள் சரக்கைக் கடத்தும் நுண்குழல்களை அது குலைக்கிறது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினால் அடுத்த ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள். மூன்று நாள் போகாமல் வயிறு உப்பினால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனை. பூஞ்சைக்கு இட்ராகொனசோல் எழுதினால் கீமோ நடப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். கல்லீரல் மருந்தை வெளியேற்றுவதை அது தடுத்து, நரம்புப் பாதிப்பைக் கூட்டும். ஊசி ஏறும்போது கை எரிந்தால் அந்த நொடியே நர்ஸைக் கூப்பிடுங்கள். மருந்து ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்த இடத்துக்கு இதில் வெந்நீர் ஒத்தடம்தான், ஐஸ் கூடாது.