பழைய லேப்டாப்பில் ஒரே ஒரு கீ சரியாக விழவில்லை, முழு கீபோர்டையும் மாற்றத்தான் வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம். ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப், ‘எச்’ மட்டும் ஓங்கித் தட்டினால்தான் விழுகிறது, கடையில் புது கீபோர்டு போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை, ஒற்றைக் கீயோடு மல்லுக்கட்டும் நேரத்துக்கு அவருக்குக் கூலி கட்டுப்படியாகாது. நீங்கள் வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் வேறொரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகி அதே எழுத்தை அடியுங்கள். அதில் ஒழுங்காக விழுந்தால் கோளாறு லேப்டாப்பின் கீபோர்டில்தான்.

அப்புறம் லேப்டாப்பை அணைத்துவிட்டு, பழைய சிம் கார்டு மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்கை ஓரத்தில் நுழைத்து கீயின் மூடியை மெதுவாக நெம்புங்கள். எந்தப் பக்கம் முதலில் கழலும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அதனால் ஒரு பக்கம் முரண்டு பிடித்தால் அடுத்த பக்கம் போங்கள். ஸ்பேஸ், என்டர், ஷிப்ட் போன்ற நீளக் கீகளின் அடியில் ஒரு கம்பி மாட்டியிருக்கும், அவற்றை அனாவசியமாகக் கழற்ற வேண்டாம்.

மூடிக்குக் கீழே கத்தரி போலக் குறுக்காக மடங்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள், நடுவில் ஒரு ரப்பர் குமிழ். இப்போது லேப்டாப்பை ஆன் செய்து, நோட்பேடைத் திறந்து, அந்தக் குமிழை மட்டும் பென்சிலின் மழுங்கிய முனையால் அழுத்துங்கள். இந்த ஒரு சோதனைதான் முக்கியம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் எழுத்து விழுந்தால் மின்சுற்று நன்றாக இருக்கிறது, சிக்கல் மேலே உள்ள மூடியிலோ கத்தரியிலோதான். தூசி, முடி, பிஸ்கட் தூள் எதுவானாலும் மறுபடி அணைத்துவிட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். கத்தரியின் காது ஒடிந்திருந்தால் அதிகம் தொடாத ஒரு எழுத்திலிருந்து எடுத்துப் போடலாம், எழுத்துக் கீகளுக்குப் பெரும்பாலும் ஒரே அளவுதான். தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பில் அடிப்பவருக்கு எச் என்பது ‘க’, அது இல்லாமல் ஒரு வரிகூட ஓடாது. இசட் இருக்கும் இடம் ‘ஔ’, அதைத் தயங்காமல் பலி கொடுக்கலாம்.

குமிழை அழுத்தியும் எழுத்து வரவில்லையென்றால் கதை வேறு. குமிழுக்கு அடியில் மூன்று மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்தடங்கள், நடுத்தாளில் ஓட்டை. அழுத்தும்போது அந்த ஓட்டை வழியாக இரண்டு தடங்களும் தொட்டுக்கொள்கின்றன. தொடும் இடம் தாள்களுக்கு உள்ளே இருப்பதால், மேலே எவ்வளவு ஆல்கஹால் விட்டுத் துடைத்தாலும் அழுக்கு அங்கே போயிருந்தால் பயனில்லை. ‘ஸ்ப்ரே அடித்தால் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் இதை யோசிப்பதே இல்லை. கீகள் வரிசை, நிரலாக ஒரே தடத்தைப் பகிர்ந்துகொள்வதால், எச் கூடவே வேறு சில கீகளும் சேர்ந்து செத்திருந்தால் தடம் அரித்துப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம், டீயோ காபியோ சிந்தியிருந்தால் கிட்டத்தட்ட நிச்சயம். ஆனால் மொத்தமாகக் கைவிடுவதற்கு முன் உள்ளே கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, கனெக்டரின் சின்னத் தாழ்ப்பாளைத் திறந்து, கேபிளை நேராகச் செருகி மூடினால் போதும்.

அப்படியும் வரவில்லையென்றால் மாற்றத்தான் வேண்டும். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் தேடலாம். லேப்டாப் மாடல் பெயரை மட்டும் நம்பாமல், கீபோர்டின் முதுகில் ஒட்டியிருக்கும் பாகம் எண்ணைப் படமெடுத்துக்கொண்டு போங்கள், கேபிள் இடம் மாறினாலே பொருந்தாது. பழைய மாடல்கள் பலவற்றில் நாலைந்து ஸ்க்ரூவைக் கழற்றினால் கீபோர்டு கையோடு வரும், மேல்மூடியோடு பிளாஸ்டிக் ஆணியால் அறைந்திருந்தால் மட்டும் கடையில் கொடுங்கள்.

அதுவரை வேலை நிற்கக் கூடாது என்றால், விண்டோஸில் பவர்டாய்ஸ் என்ற மைக்ரோசாப்டின் இலவச மென்பொருளை நிறுவி கேப்ஸ்லாக்கை எச் ஆக மாற்றிக்கொள்ளலாம். அது பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்த பிறகுதான் வேலை செய்யும், பாஸ்வேர்டிலேயே அந்த எழுத்து இருந்தால் பாஸ்வேர்டு திரையிலும் வேலை செய்யும் ஷார்ப்கீஸ் என்ற மென்பொருளைப் போடுங்கள்.