டேப்லெட்டுக்கு எந்த விசைப்பலகை உறை? சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

கடையில் ‘கீபோர்டு கேஸ்’ என்று கேட்டால் எடுத்துத் தரும் பொருளைத்தான் இங்கே விசைப்பலகை உறை என்று குறிப்பிடுகிறேன். இம்முறை வந்த கேள்விகளில் பல, ‘எந்தக் கம்பெனி நல்லது?’ என்ற ஒரே வரியில் முடிந்துவிட்டன. எங்கே உட்கார்ந்து, எதை, எவ்வளவு நேரம் தட்டச்சு செய்கிறோம் என்பதையும் சேர்த்து எழுதியிருந்தவர்களின் கேள்விகளையே தேர்ந்தெடுத்துக்கொண்டேன். அந்த விவரம் இல்லாமல் உறையைப் பற்றிச் சொல்வது, காலின் அளவு தெரியாமல் செருப்பு வாங்கித் தருவதைப் போன்றது.

கேள்வி: பெரியார் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். என்னிடம் 10.2 அங்குல ஐபேட் உள்ளது. தமிழ்99 என்ற விசை அமைப்பு முறையில் தினமும் மூன்று மணி நேரமாவது ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய வேண்டும். எதைக் கவனித்து வாங்குவது?

உங்கள் ஐபேட்டின் நீளமான பக்கம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். வழக்கமான விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஒரு முழு வரிசை அப்படிப்பட்ட 15 விசைகளின் அகலம் கொண்டது என்பதால், அதற்கு 28.5 சென்டிமீட்டர் தேவைப்படுகிறது. இந்தக் குறையைச் சரிக்கட்டத் தயாரிப்பாளர்கள் இரண்டில் ஒரு வழியைப் பிடிக்கிறார்கள். ஒன்று, எல்லா விசைகளையும் சீராகச் சிறிதாக்கி, இடைவெளியை 16 அல்லது 17 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவது. மற்றொன்று, நடுவில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பெரிதாக வைத்துக்கொண்டு, வலது ஓரத்தில் உள்ள நிறுத்தற்குறி விசைகளைப் பாதியாக நறுக்கிவிடுவது, அல்லது வேறு மூலைக்குத் தள்ளிவிடுவது.

ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவருக்கு இரண்டாவது வழியே வசதியாகத் தோன்றும். தமிழ்99இல் எழுதுபவருக்கு அது பெருந்தொல்லை. ஆங்கிலத்தின் சதுர அடைப்புக்குறி விசைகளில்தான் நமக்கு ‘ச’வும் ‘ஞ’வும் இருக்கின்றன, அரைப்புள்ளி விசையில் ‘ந’, மேற்கோள் விசையில் ‘ய’, சாய்கோட்டு விசையில் ‘ழ’. அவர்களுக்கு எப்போதாவது தேவைப்படும் குறிகள் இருக்கும் இடத்தில், நமக்கு வரிக்கு வரி வேண்டிய எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. நான் முதன்முதலில் வாங்கிய உறையில் ‘ய’ விசை அரை விரல் அகலம்தான் இருந்தது, அதை ஒட்டியே என்டர் விசை. செய்தி எழுதும்போதெல்லாம் ‘ய’ வர வேண்டிய இடத்தில் பாதி வாக்கியம் அனுப்பப்பட்டுவிடும். பத்தே நாளில் அதை வீட்டில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் ஆங்கிலத்தில் மட்டுமே எழுதுபவர், இன்றுவரை குறையொன்றும் சொல்லவில்லை.

ஆகவே கடையில் உறையைக் கையில் வாங்கியதும், ‘சேலத்து மழையில் நனைந்த ஞாயிறு’ என்று ஐந்து முறை தட்டிப் பாருங்கள். மேலே சொன்ன ஐந்து விசைகளும் அந்த வரியில் வந்துவிடும். வலது கைச் சுண்டுவிரல் தடுமாறாமல் ஐந்தாவது முறையை முடித்தால் அந்த உறை உங்களுக்கு ஒத்துவரும். விசைகளில் தமிழ் எழுத்து அச்சிடப்பட்டிருக்காது என்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தேவையென்றால் ஒட்டுத்தாள் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் விசைக்கு அடியில் விளக்கு எரியும் உறையில் ஒட்டினால் வெளிச்சம் மங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரையில் தோன்றும் தமிழ் விசைப்பலகையும், வெளியிலிருந்து இணைக்கும் விசைப்பலகைக்கான தமிழ் அமைப்பும் ஒன்றல்ல. முதலாவது வேலை செய்வதால் இரண்டாவதும் தானாக வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் டேப்லெட்டையே கடைக்குக் கொண்டுபோய், அமைப்புகளில் தமிழைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே சோதித்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

மூன்று மணி நேரமும் விடுதி மேசையில்தான் என்றால், உறையே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உறையில் நிற்கும் திரை மிகத் தாழ்வாக இருப்பதால் கழுத்து குனிந்தபடியே இருக்கும். ஒரு தாங்கியும், முழு அளவுள்ள தனி ப்ளூடூத் விசைப்பலகையும் வாங்கினால் கழுத்துக்கும் நல்லது, சுண்டுவிரலுக்கும் நல்லது.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கு பார்க்கிறேன். பழம் பறிப்பு நாள்களில் எடையையும் கூலியையும் டேப்லெட்டில் பதிவு செய்கிறேன். செயற்கைத் தோல் உறை ஒரே மழைக்காலத்தில் உரிந்துவிட்டது. வேறு என்ன வாங்கலாம்?

செயற்கைத் தோல் என்பது துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம். ஈரக்காற்றில் அந்தப் படலம் மெல்ல மெல்லச் சிதைந்து, முதலில் பிசுபிசுத்து, பிறகு செதில் செதிலாக உதிரும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மூடுபனி சன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் ஊரில் அது சீக்கிரமே நடந்ததில் வியப்பில்லை. கெட்டிப் பிளாஸ்டிக்கினால் ஆன உறையையோ, ரப்பர் போன்ற சிலிக்கோன் மேற்பரப்பு கொண்டதையோ வாங்குங்கள், துடைத்தால் போதும். துணி போர்த்திய உறைகள் பார்க்க அழகாக இருந்தாலும் அங்கே பூஞ்சை பிடிக்கும். ஈரக் கையோடு வேலை செய்துவிட்டு உடனே மூடி வைக்காதீர்கள். விசைக்கும் திரைக்கும் இடையில் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். இரவில் கால் மணி நேரம் திறந்து வைத்துவிட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், அதைச் சேர்த்துப் பையில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். உங்களுடைய வேலை பெரும்பாலும் எண்கள். இந்த உறைகளில் எண்களுக்கென்று தனிப் பகுதி கிடையாது. மலிவான சிலவற்றில் மேல் வரிசை எண்களை அடிக்கவே இன்னொரு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும். உள்ளங்கை அளவில் தனியாக விற்கும் ப்ளூடூத் எண்பலகை ஒன்றை வாங்கி, சாதாரண மூடியுறையோடு பயன்படுத்தினால் உங்கள் வேலை பாதி நேரத்தில் முடியும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். உறையைப் பொருத்தினால் சில நேரம் விசைகள் வேலை செய்கின்றன, சில நேரம் செய்வதில்லை. பழுதா?

பெரும்பாலும் தூசிதான் காரணமாக இருக்கும். உங்கள் உறை ப்ளூடூத் வகை அல்ல. டேப்லெட்டின் முதுகில் உள்ள உலோகப் புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டு, அவற்றின் வழியாகவே மின்சாரத்தையும் தகவலையும் கடத்தும் வகை என்பது நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. அதைப் பிடித்து வைப்பது காந்தம். வெள்ளியைக் காந்தம் இழுக்காது. ஆனால் அரத்திலிருந்தும் மற்றக் கருவிகளிலிருந்தும் உதிரும் இரும்புப் பொடியை அது விடாமல் சேர்த்துக்கொள்ளும். அந்தப் பொடியோடு வெள்ளித் துகளும் படிந்துவிடும். இரண்டுமே மின்சாரத்தைக் கடத்துபவை. ஆகவே புள்ளிகள் சரியாகத் தொடாமல் போகலாம், அல்லது தொடக் கூடாதவை ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளலாம்.

துணியால் துடைத்தால் காந்தம் பொடியை விடாது. ஒட்டும் டேப்பைப் புள்ளிகளின் மேல் அழுத்தி உரித்துப் பாருங்கள். டேப்பில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு மூன்று முறை செய்த பிறகும் சரியாகவில்லை என்றால்தான் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும். அடுத்த முறை வாங்கும்போது பட்டறைக்கு ப்ளூடூத் வகையே மேல். அதற்குத் தனியாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும், சும்மா இருந்து தூங்கிப்போன பிறகு முதலில் அடிக்கும் ஓரிரு எழுத்துகள் விழாமல் போகும். ஆனால் தூசிக்கு அஞ்ச வேண்டிய தொடுபுள்ளிகள் அதில் இல்லை.

கேள்வி: வாரந்தோறும் சேலத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறேன். மடியில் வைத்துத் தட்டச்சு செய்ய ஏற்ற உறை எது?

பின்னால் கால் விரித்து நிற்கும் வகை மேசைக்கானது. அது நிற்க முன்னும் பின்னுமாக ஒரு முழ நீளத் தளம் வேண்டும்; மடியில் அந்தக் கால் முழங்காலுக்கு அப்பால் நழுவிவிடும். மடிக்கணினி போல உறுதியான கீல் உள்ள உறையே மடிக்கு ஏற்றது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு: திரை கனமாகவும் விசைப்பலகை இலேசாகவும் இருந்தால் மல்லாந்து விழும் என்பதால், அடிப்பாகத்தில் வேண்டுமென்றே எடை சேர்த்திருப்பார்கள். சில உறைகள் டேப்லெட்டை விடவும் கனம். பையைத் தோளில் மாட்டி ரயில் நிலையப் படிக்கட்டை ஏறுபவர் நீங்கள்தான் என்பதால், கடையில் டேப்லெட்டைப் பொருத்தி ஒரு கையால் தூக்கிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் டேப்லெட் 10.9 அங்குல ஐபேட் ஏர். 10.9 அங்குலம் என்று போட்டிருந்த உறையை வாங்கியும் சரியாகப் பொருந்தவில்லையே?

திரையின் அளவை மட்டும் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட்டும் 10.9 அங்குலம்தான், ஆனால் ஐபேட் ஏரை விட அது ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அகலமும் தடிமனும் கூடியது. அமைப்புகளில் ‘அறிமுகம்’ பகுதியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய் மாற்றி வாங்குங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறது. காந்த உறையை அவர் பயன்படுத்தலாமா?

மேசையில் வைத்துப் பயன்படுத்தலாம். படுத்துக்கொண்டு நெஞ்சின் மேல் சாய்த்து வைப்பதும், மார்போடு அணைத்து எடுத்துச் செல்வதும் கூடாது. குறைந்தது 15 சென்டிமீட்டர் விலகியிருக்கட்டும். அவருடைய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உறையின் உள்பையில் ஏ.டி.எம். அட்டையைச் செருகி வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். சிப் தப்பித்தாலும், பின்பக்கக் கறுப்புப் பட்டையில் உள்ள பதிவு காந்தத்தால் அழியக்கூடும்.