அடங்காத பிள்ளையும் வீட்டுப் படிப்பும்: கேள்வி பதில்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஒன்பது வயது மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். அது எப்படி, ஏன் என்று தஞ்சை, திருவாரூர், நாகை பெற்றோர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கிவிட்டேன்.

அக்கா, என் பையனுக்கு ஏழு வயது. ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். டைரியில் தினம் ஒரு புகார். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அடங்குவானா? (திருத்துறைப்பூண்டி)

அடங்க மாட்டான்மா. அதற்காக மட்டும் பள்ளியை நிறுத்த வேண்டாம். என் மகளும் இன்றுவரை அடங்கவில்லை. ஓடிக்கொண்டே அவள் கேட்பதற்கு, கூடவே ஓடிப் பதில் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆளாக இருக்க உங்களுக்கு முடியுமா என்று முதலில் பாருங்கள்.

அதற்கும் முன்னால் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும் வகுப்பில் எழுந்து எழுந்துதான் போகும். அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலேயே காட்டலாம்.

அப்புறம், பிடித்த வேலையில் எவ்வளவு நேரம் இருக்கிறான் என்று கவனியுங்கள். என் மகள் கையெழுத்து நோட்டில் நான்கு வரி தாண்ட மாட்டாள். ஆனால் வளைக்குள் போன வயல் நண்டு வெளியே வருகிறதா என்று பார்க்க வரப்பில் குப்புறப் படுத்தால், வெயில் முதுகைச் சுடும்வரை எழ மாட்டாள். இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கவனமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

இது சட்டப்படி சரியா? யாராவது வந்து கேட்பார்களா? (பலர்)

2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. வீட்டுக்கல்விக்கென்று தனி ஏற்பாடும் இல்லை. ஆக, தெளிவான அனுமதியும் இல்லை, தெளிவான தடையும் இல்லை. பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்கள் வருவார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள். முகம் சுளிக்காமல் உட்காரச் சொல்லி நோட்டுகளைக் காட்டுங்கள். பின்னாளில் பள்ளியில் சேர்க்க நினைத்தால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

தினமும் டைம்டேபிள் போட்டு நடத்துகிறீர்களா? (நீடாமங்கலம்)

இல்லை. எங்களுக்குத் தண்ணிதான் டைம்டேபிள். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இல்லாத வருஷம் அது தள்ளிப்போகும். கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். வெண்ணாறு உங்கள் ஊர் மூணாறு தலைப்பில் (தலைப்பு என்றால் ஆறு பிரியும் இடம்) வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மறுபடி மூன்றாகும். என் மகள் இந்த வரைபடத்தைப் புத்தகத்தில் பார்ப்பதற்கு முன்பே சாணி மெழுகிய வாசலில் குச்சியால் கீறிவிட்டாள்.

முதல் தண்ணி வரும் நாளில் எங்கள் வீட்டில் வேறு பாடமே கிடையாது. காய்ந்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு அது ஊர்ந்து வரும். வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி, அது நிரம்பிய பிறகுதான் அடுத்த அடி வைக்கும். முன்னால் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். இவள் தண்ணிக்கு முன்னால் பின்புறமாகவே நடந்து போவாள். போன ஜூனில் கரையில் குச்சி நட்டு, ஒரு குச்சியிலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு நேரம் என்று அப்பாவின் கடிகாரத்தில் பார்த்தாள். வேகம் என்றால் என்ன என்று நான் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மணல் தரையில் ஏன் மெதுவாக வருகிறது என்று அவளே கேட்டாள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஓட்டினோம்.

கணக்கை மட்டும் இப்படி விளையாட்டாகச் சொல்லித்தர முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. (ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

முழுக்க முடியாது ஐயா. வாய்ப்பாடு ஒப்பிக்கத்தான் வேண்டும், எங்கள் வீட்டிலும் அழுகையோடுதான் நடக்கிறது. ஆனால் ஒப்பித்தது எதற்கு என்று தெரிய நம் ஊரில் வழி இருக்கிறது. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. களத்தில் கயிறு போட்டு ஒரு குழியை அளந்து, உள்ளே நின்று 144 சதுர அடியைப் பார்த்தாள். ஒரு மா 33 சென்ட் என்று தாத்தா வாயால் சொன்னதை, 14,400 சதுர அடியை ஒரு சென்ட்டுக்குரிய 435.6 சதுர அடியால் வகுத்துச் சரிபார்த்தோம். வகுத்தது நான், மேற்பார்வை அவள்.

அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்கும் கூட்டிப் போவோம். நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, மூட்டைக்கு 40 கிலோ. தாத்தா நெல்லைக் கடித்து, "கடுக்"கென்ற சத்தத்தை வைத்தே காய்ந்ததா இல்லையா என்பார். இவளும் கடித்துவிட்டு மீட்டர் காட்டுவதற்குள் ஒரு எண்ணைச் சொல்வாள். பெரும்பாலும் தப்புதான். இருந்தும் சதவீதம் என்றால் என்னவென்று பிடிபட்டுவிட்டது.

ஆறும் வாய்க்காலும் என்றால் பயமாக இருக்காதா? (திருவையாறு)

பயப்படத்தான் வேண்டும். துடுக்கான பிள்ளை என்றால் இரட்டிப்பாக. மதகுக்கும் தலைப்புக்கும் பக்கத்தில் இறங்கவே கூடாது, சுழல் இழுக்கும். ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து தெரியாது. நீச்சலை ஆற்றில் பழக்காதீர்கள். எங்கள் ஊர்க் குளத்தில் அவள் அப்பா வாழை மரத்தைப் போட்டுப் பழக்கினார். பெரியவர் இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது என்பதில் பேச்சுவார்த்தையே கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் அவளோடு வாதாடலாம், இதற்கு மட்டும் இல்லை.

எங்கெல்லாம் கூட்டிப் போகலாம்? (பட்டுக்கோட்டை)

உங்களுக்குப் பக்கத்திலேயே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிறதே. படகில் போனால் சேற்றிலிருந்து மூச்சு வேர்கள் குத்துக்குத்தாக நிற்பது தெரியும். அலையாத்தி இலையை நக்கினால் உப்புக் கரிக்கும், அந்த மரம் வேண்டாத உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. நக்காதே என்று சொல்வதற்குள் என் மகள் நாலு இலையை முடித்திருந்தாள். அப்படியே வேதாரண்யம் போய் உப்பளத்தையும் பார்த்துவிடுங்கள். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த கதையை அங்கே நின்று சொன்னால், "இவ்வளவு உப்பு இருக்கே, எதுக்குத் தடுத்தாங்க?" என்று பிள்ளையே கேட்கும். குளிர்காலமாக இருந்தால் கோடியக்கரையில் பறவையும் வெளிமானும் உண்டு. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை இருக்கிறது. பெரிய கோயிலுக்கு மட்டும் மதியத்தில் போகாதீர்கள். ராஜராஜனைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும், கால் சுடுகிற பிள்ளைக்குக் காதில் ஏறாது.

மாமியார், நாத்தனார் எல்லாரும் பேசுகிறார்கள். என்ன சொல்வது? (நன்னிலம்)

ஒன்றும் சொல்ல வேண்டாம். பிள்ளையை இரண்டு நாள் அவர்களிடம் விடுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு என்ன வழி? (மயிலாடுதுறை)

இரண்டு வழி. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடம், தமிழ் வழியிலும் எழுதலாம், வருஷத்துக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு உண்டு. இல்லையென்றால் மாநில வாரியத்தில் தனித்தேர்வர், அதாவது பள்ளிக்குப் போகாமல் தேர்வு மட்டும் எழுதுவது. 12½ வயது நிறைந்ததும் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு எழுதலாம், அதற்குப் பிறகு பத்தாம் வகுப்பு. திறந்தநிலைச் சான்றிதழைத் தமிழ்நாடு அரசு வேலைக்கு ஏற்பதில் சர்ச்சை எழுந்ததுண்டு. அதனால் நாங்கள் தனித்தேர்வர் வழியைத்தான் யோசித்து வைத்திருக்கிறோம். பதியும் முன் அப்போதைய விதியைத் தேர்வுத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவருமே வேலைக்குப் போகிறோம். (தஞ்சாவூர்)

அப்படியானால் பள்ளியே நல்லது, மனதை உறுத்திக்கொள்ளாதீர்கள். மேலே சொன்ன முக்கால்வாசியை ஞாயிற்றுக்கிழமையில் செய்யலாம்.

உங்கள் மகளுக்கு இது பிடித்திருக்கிறதா? (பலர்)

அவளிடமே கேட்டேன். "மத்தியானம் வரைக்கும் பிடிக்கும்" என்றாள். மத்தியானத்துக்கு மேல்தான் வாய்ப்பாடு.