மண்ணுக்குள் சிமென்ட் ஷீட்: மனையை வாங்கலாமா?

கேள்வி: அம்மா, குமாரபாளையம் பக்கம் 12 சென்ட் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். முன்பு அங்கே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட விசைத்தறிக் கூடம் இருந்தது. ஜேசிபி வைத்து இடித்து, அப்படியே நிரவிவிட்டார்கள். அங்கங்கே சாம்பல் நிறத் துண்டுகள் கிடக்கின்றன. “மண்ணுக்குள் போனது உங்களை என்ன செய்யப்போகிறது?” என்கிறார் புரோக்கர். எங்களுக்கு மூன்று வயதில் மகள் இருக்கிறாள். வாங்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: முதல் வேலையாகப் பத்திரப் பதிவைத் தள்ளிப்போடுங்கள் சகோதரி. மனை விற்பவர் கையில் இருக்கும்போதே சோதித்தால், சுத்தம் செய்யும் செலவைப் பேரத்தில் கழிக்கலாம். பதிவு முடிந்துவிட்டால் அது உங்கள் தலையில்.

புரோக்கர் சொல்வது பாதி சரி. ஷீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கிறது. உடையாமல், உலராமல், யாரும் தொடாமல் மண்ணுக்குள் இருக்கும்வரை காற்றில் வராது. மூச்சில் போகும் நார்தான் நோய் தரும். ஆனால் வீடு கட்டுகிறவர்கள் மண்ணைத் தொடாமல் இருக்க முடியுமா? அஸ்திவாரம், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தோண்டுவீர்கள். அதோடு, ஜேசிபி ஏறி நசுக்கிய ஷீட் இது. உடைந்த விளிம்பை வெயிலில் பிடித்துப் பார்த்தால் பூனை முடிபோல நார் நீட்டிக்கொண்டிருக்கும். (கையுறை, முகக்கவசம் இல்லாமல் எடுக்காதீர்கள், உடைத்தும் பார்க்காதீர்கள்.) கண்ணுக்குத் தெரிகிற அந்த நாரைவிட, தெரியாத நுண்ணிய நார்தான் நுரையீரலின் ஆழம் வரை போகும். அதனால் வரும் புற்றுநோய் பெரும்பாலும் 20, 30, 40 ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். உங்கள் மகளுக்கு அந்த ஆண்டுகள் எல்லாம் முன்னால் இருக்கின்றன. அதனால்தான் இதில் நான் கறாராகப் பேசுகிறேன்.

நான் 9 ஆண்டுகள் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மண் பரிசோதனை வேலை பார்த்தவள். அங்கே பழைய வீட்டை இடித்துப் புது வீடு கட்டும் முன் நாங்கள் செய்ததையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் கதையைக் கேளுங்கள். அங்கே தறி ஓட்டியவர், பக்கத்து வீட்டுப் பாட்டி, இடித்த ஜேசிபி ஓட்டுநர், மூவரையும் பாருங்கள். கூரை எதுவரை இருந்தது, ஷீட்டை இறக்கி வைத்துவிட்டு இடித்தார்களா, இடிபாட்டைத் தள்ளி எந்தப் பள்ளத்தை மூடினார்கள்? ஓட்டுநருக்கு இதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும்.

அப்புறம், ஒரு நல்ல மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் போங்கள். மழை மண்ணைக் கழுவிவிடும், துண்டுகள் மேலே பளிச்சென்று தெரியும், ஈரத்தில் தூசும் பறக்காது. இரண்டடிக்கு ஒரு கோடு என்று நூல் பிடித்து நடந்து, துண்டு கிடக்கும் இடத்தையெல்லாம் ஒரு தாளில் புள்ளி வையுங்கள். ஒரு மூலையில் மட்டும் புள்ளிகள் குவிந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். மனை முழுக்கச் சிதறியிருந்தால் வேலை பெரிது.

மூன்றாவது, சோதனைக் குழிகள். புள்ளி குவிந்த இடத்திலும், நீங்கள் அஸ்திவாரம் போடப்போகும் இடத்திலும், நிரவிய மண் முடிந்து பழைய மண் தெரியும்வரை தோண்ட வேண்டும். தண்ணீர் தெளித்துக்கொண்டே தோண்ட வேண்டும். ஒவ்வொரு குழியிலும் 10 லிட்டர் மண் எடுத்து, 7 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, நின்ற ஷீட் துண்டுகளை எடை போடுவோம். சலித்த நைஸ் மண்ணிலிருந்து தனியாக ஒரு மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போகும்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் வீட்டு மனைக்கு வைத்திருக்கும் அளவு, எடையில் 0.01 சதவீத ஆஸ்பெஸ்டாஸ். அது எவ்வளவு என்று பாருங்கள். 10 லிட்டர் மண் சுமார் 16.5 கிலோ இருக்கும். ஷீட்டில் 15 சதவீதம் ஆஸ்பெஸ்டாஸ் என்று வைத்துக்கொண்டால், 11 கிராம் துண்டு ஒன்று அந்தச் சல்லடையில் நின்றாலே வரம்பைத் தொட்டாயிற்று. 11 கிராம் துண்டு தீப்பெட்டியைவிடச் சிறியது! பொடியாகிப் பிரிந்த நாருக்கு வரம்பு இன்னும் பத்தில் ஒரு பங்கு, 0.001 சதவீதம். எத்தனையோ தடவை சல்லடையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று மூச்சு விடும்போது மூலையில் சாம்பல் நிற முக்கோணம் ஒன்று நிற்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்.

ஒன்றைக் கவனியுங்கள். கட்டடத்துக்கு எடுக்கும் மண் பரிசோதனை மண்ணின் தாங்குதிறனைத்தான் பார்க்கும். விவசாய அலுவலகத்தில் தழை, மணி, சாம்பல் சத்துப் பார்ப்பார்கள். இரண்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் தெரியாது. போலரைஸ்டு மைக்ராஸ்கோப்பில் நார் பார்க்கும் ஆய்வுக்கூடமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மேலோட்டமாகத்தான் இருக்கிறது என்றால், நனைத்துக் கையால் பொறுக்கி, மேல் மண்ணைச் சுரண்டி, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி அகற்றலாம். அதைக் குப்பை வண்டியில் போடக் கூடாது. அபாயக் கழிவுக்கென்று அனுமதி பெற்ற கிடங்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுப்புங்கள். ஆழத்தில், மனை முழுக்கக் கலந்திருந்து, விற்பவரும் விலையில் இறங்கி வரவில்லையென்றால், அட்வான்ஸ் போனாலும் வேறு மனை பாருங்கள்.

கேள்வி: எங்கள் மனை பள்ளம். கட்டட இடிபாட்டைச் சும்மாவே கொட்டித் தருவதாக லாரிக்காரர் சொல்கிறார். சம்மதிக்கலாமா? (ஒரு வாசகர், சங்ககிரி)

பதில்: வேண்டாம். பெர்த்துக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் விட்டனூம் என்று ஓர் ஊர். நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கக் கழிவைச் சாலைக்கும் பள்ளி மைதானத்துக்கும் அங்கே நிரப்பினார்கள். 1966-ல் சுரங்கத்தை மூடியாயிற்று. அங்கே ஓடி விளையாடிய பிள்ளைகள் வளர்ந்த பிறகு மெசோதீலியோமா என்ற புற்றுநோயில் விழுந்தார்கள். 2007-ல் ஊர் என்ற தகுதியையே அரசு எடுத்துவிட்டது. உங்கள் லாரியில் வருவது அந்த அளவுக்குக் கொடிய சரக்கு இல்லைதான். ஆனாலும் எந்தக் கட்டடத்தை இடித்தது என்று தெரியாத லோடை மனைக்குள் விடாதீர்கள். காசு கொடுத்தாவது, எடுக்கும் இடத்தை நேரில் பார்த்துச் செம்மண் அடியுங்கள்.